இரண்டாவது மேக்னெட்டோ

பேர் என்ன என்று தேர்வாளர் கேட்டார், அரசி என்றேன், ஆரம்பமே பாதிப் பொய். அவர் ஹால் டிக்கெட்டை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய், "இதுல என்னமோ நீளமா போட்டிருக்கே" என்றார். "அதோட சுருக்கம்தான் சார்" என்றேன், தலையாட்டிக்கொண்டார், விட்டது சனியன். அப்பா வைத்த பேர் மங்கையர்க்கரசி. அறுபத்து மூன்று நாயன்மார்களில் ஒருத்தி, பாண்டிய நாட்டு ராணி, அந்தப் பேரைச் சொல்லும்போதே அப்பாவுக்குக் கண் கலங்கும். எனக்கும் கலங்கும், வேறு காரணத்துக்காக. ம என்கிற எழுத்து வந்தால் என் உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும், அதுவாக மனசு வைத்துத் திறந்தால்தான் உண்டு. உலகத்தில் எத்தனையோ எழுத்து இருக்க, எத்தனையோ பேர் இருக்க, இந்தப் பேரை இந்தப் பிள்ளைக்கு வைத்தார் பார். இருக்கட்டும், இன்றைக்கு அப்பாவோடு சண்டையில்லை. இன்றைக்குச் சண்டை இந்த எஞ்சினோடு, எஞ்சினோடுகூட இல்லை, எஞ்சினின் பின்பக்கம் இடமும் வலமுமாக உட்கார்ந்திருக்கும் இரண்டு கறுப்புக் குண்டன்களோடு. உள்ளங்கை நிறையப் பிடிக்கிற அளவுதான் ஒவ்வொன்றும். உள்ளே காந்தம் சுற்றும், பேட்டரி செத்துப் போனாலும் எஞ்சினுக்குப் பொறி கொடுக்கும். அவற்றின் பேரும் ம வரிசைதான். மேக்னெட்டோ. மனசுக்குள் எவ்வளவு சுத்தமாக வருகிறது. மேக்னெட்டோ மேக்னெட்டோ மேக்னெட்டோ. உள்ளே நான் ஒரு தடவைகூடத் திக்கியதில்லை, உள்ளே நான் மைக்கைக் கொடுத்தால் விடாத மேடைப் பேச்சாளி, வெளியே வரும்போதுதான் வாசல் பூட்டியிருக்கிறது.

ஞானசிகாமணி சார் ஆண்டெனாவை இழுத்து நீட்டுகிறார். பழைய டிரான்சிஸ்டரில் இருந்து பிடுங்கியது போலிருக்கிறது, நுனியில் சின்னக் குமிழ். விமானப்படையில் தலை நரைக்கும்வரை எஞ்சின் பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவராம், வெளியிலிருந்து வந்திருக்கும் தேர்வாளர். அவர் அந்தக் குமிழால் ஒரு பாகத்தைத் தொடுவார், டக் என்று கேட்கும், நான் அதன் பேரையும் வேலையையும் சொல்ல வேண்டும். வாயால். வைவா என்றால் வாய்தான். வெள்ளச்சி மூக்கின் மூடியைக் கழற்றிக்கொண்டு நிற்கிறாள், குடலெல்லாம் வெளியே தெரிகிறது. நாலு பேர் உட்காரும் ஒற்றை எஞ்சின் விமானம், பறக்கிற அனுமதி போய் ரொம்ப நாளாகிறது, எஞ்சின் மட்டும் இன்னும் ஓடும். படிக்கிற பிள்ளைகள் கழற்றி மாட்டட்டும் என்று கல்லூரி வாங்கிப் போட்டது. வெள்ளச்சி என்று அவளுக்குப் பேர் வைத்தது நான். வ எனக்கு வரும். விமானம் நிறுத்தும் இந்த ஹேங்கரின் தகரக்கூரை காய்ச்சிய தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது, இரும்புச் சட்டத்தில் புறா நடக்கிறது, இறக்கைக்குக் கீழே கையைக் கட்டிக்கொண்டு ரொசாரியோ சார் நிற்கிறார். எங்களுக்கு எஞ்சின் பாடம் எடுப்பவர். அவர் முகத்தைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் நேற்று அவர் சொன்னது காதில் ஓடும். போன தடவை இந்த வைவாவில் ஃபெயில் ஆனேன். இந்தத் தடவையும் போனால் படிப்பு அவ்வளவுதான், அக்கா வீட்டுக்காரர் ஏற்கெனவே ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டார், அரிசி ஏற்றுமதி ஆபீசில் டைப் அடிக்கிற வேலை. "பேச்சே கிடையாதும்மா, காலையில கம்ப்யூட்டரத் தொறந்தா சாயந்திரம் மூடிட்டு வந்துடலாம், யாரும் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். ஏதோ எனக்கு மோட்சம் வாங்கிக் கொடுத்த மாதிரி முகம். யாரும் என்னை ஒன்றும் கேட்காத இடத்துக்குப் பேர் ஆபீஸ் இல்லை அத்தான், சுடுகாடு.

டக். "ஆயில் டிப்ஸ்டிக் சார், எஞ்சின்ல எவ்வளவு எண்ணெய் இருக்குன்னு பாக்குறது." டக். "சிலிண்டர்." டக். "கூலிங் ஃபின்ஸ், காத்துப் பட்டு சிலிண்டர் சூடு எறங்க." டக். "பேஃபிள், உள்ள வர காத்து எங்க வேணா ஓடிடாம சிலிண்டர் பக்கம் திருப்பி விடும்." தண்ணீர் மாதிரி போகிறது. தண்ணீர் மாதிரி போகும்போதுதான் பயம், அடுத்த எழுத்து என்ன, அடுத்த எழுத்து என்ன என்று நாக்கு முன்னால் ஓடி எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது. டக். "ஸ்பார்க் பிளக்." ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு, மேலே ஒன்று கீழே ஒன்று, எல்லாமே ஜோடி ஜோடியாக, விமானம் செய்தவனுக்கு எதிலும் நம்பிக்கையில்லை, நல்ல ஆள். எனக்கு ஒரு வாய்தான். சின்ன வயதில் அந்த ஒரு வாய்க்கு என்னென்ன வைத்தியம். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்த்தார்கள், அந்தக் கசப்பும் காரமும் இன்னும் நாக்கின் வேரில் இருக்கிறது. கூழாங்கல்லை வாயில் போட்டுக்கொண்டு பாடம் படிக்கச் சொன்னார்கள், ஒரு கல்லை முழுங்கிவிட்டேன், அது எங்கே போனதென்று நாலு நாள் வீடே காத்திருந்தது. கோயிலில் அப்பாவோடு சேர்ந்து தேவாரம் பாடும்போது எனக்குத் திக்கவே திக்காது, இழுத்துப் பாடினால் ம வும் பம்மிக்கொண்டு வரும், அதைக் கண்டுபிடித்த ஒரு டாக்டர், "எல்லாத்தையும் பாட்டு மாதிரி சொல்லிப் பழகேன்" என்றார். இந்தக் கொதிக்கிற ஹேங்கரில் நின்றுகொண்டு விமானப்படைக்காரரிடம் எஞ்சின் பாகங்களை ராகம் போட்டுப் பாட வேண்டுமாம். மாட்டேன். பாடுவதற்குத் தேவாரம் இருக்கிறது. டக், கீழே குனிந்து எஞ்சினின் அடிவயிற்றில் தொடுகிறார், ஐயோ, இது மஃப்ளர். ஆனால் இதற்கு ஒரு வழி இருக்கிறது, முன்னால் ஒரு வார்த்தையைப் போட்டு ஓடிவந்து தாண்டிவிடலாம். "எக்ஸாஸ்ட்மஃப்ளர் சார், சத்தம் குறைக்கும், சுத்தி இருக்கற உறைல சூடாகிற காத்துதான் குளிருக்கு உள்ள போகும்." தாண்டிவிட்டேன். தாண்டியதும் வருகிற சந்தோஷம் இருக்கிறதே, திருடன் மதில் தாண்டிய சந்தோஷம், அதை நினைத்தால் பிறகு எனக்கே எரிச்சல் வருகிறது. என் வாயில் நானே ஏன் திருட்டுத்தனமாக நுழைய வேண்டும்.

டக். "ஆல்டர்னேட்டர், பேட்டரிக்கு சார்ஜ் ஏத்தறது." பார், எவ்வளவு சுலபமான பேர். ஆ என்று வாயைத் திறந்தால் பாதி வந்துவிடுகிறது. போன தடவை இந்தப் பேர்தான் என்னைக் கவிழ்த்தது. வேறு தேர்வாளர், வேறு குச்சி, ஆனால் இதே வெள்ளச்சி. அவர் மேக்னெட்டோவைத் தொட்டார், எனக்கு அது மேக்னெட்டோ என்று தெரியும், அதைக் கழற்றி மாட்டியிருக்கிறேன், அதன் உள்ளே இருக்கிற பாயிண்டின் இடைவெளியை அளந்து வைத்திருக்கிறேன், கண்ணைக் கட்டிவிட்டால்கூடக் கையால் தடவிச் சொல்வேன். உதடு ஒட்டிக்கொண்டது. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பின்னால் யாரோ செருமினார்கள். அந்த நிமிஷத்தில் வாய் தனக்கு எது சுலபமோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டது, "ஆல்டர்னேட்டர்" என்றேன், கணீரென்று, தெளிவாக, ஒரு பிசிறில்லாமல். தப்பான பதிலை என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் சொன்னதில்லை. திக்குகிற எல்லாரும் செய்கிற காரியம்தான் இது, ஹோட்டலில் மசால்தோசை கேட்க நினைத்து இட்லி தின்றுவிட்டு வருவோம், பசிக்கு எதுவானால் என்ன என்று சொல்லிக்கொள்வோம். மாதுளை ஜூஸ் எனக்கு உயிர், கடைக்காரனிடம் ஆரஞ்சுதான் கேட்பேன். ஆனால் தேர்வில் தின்றது இட்லி இல்லை. "மேக்னெட்டோவப் பாத்து ஆல்டர்னேட்டருங்கிறியே, நீ இத்தன நாளா என்னதான்மா படிச்ச?" என்று ரொசாரியோ சார் கேட்டார், நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். தெரியவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டும், திக்குகிறது என்று தெரியக் கூடாது. முட்டாள் என்றால் பரவாயில்லை, திக்குவாய் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. அந்தக் கணக்கு எனக்கு அப்போது எவ்வளவு சரியாகப் பட்டது. இன்றைக்கு நினைத்தால் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வருகிறது. நான் முட்டாள் இல்லை. நான் நன்றாகப் படித்தவள். திக்குகிற, நன்றாகப் படித்தவள்.

டக். "கார்புரேட்டர், பெட்ரோலையும் காத்தையும் கலந்து அனுப்பும்." டக். "ஸ்டார்ட்டர்." டக். "ஃபயர்வால், எஞ்சின்ல தீப்பிடிச்சா ஓட்டுறவங்க பக்கம் வராம தடுக்குற தகடு." ஆண்டெனா பின்பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறது, அங்கேதான் போகும், எனக்குத் தெரியும். வியர்வை முதுகில் கோடு கோடாக இறங்குகிறது. காலையில் ஒன்று காதில் விழுந்தது, விழாமல் இருந்திருக்கலாம். ஹேங்கர் கதவோரம் ரொசாரியோ சார் இவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார், "அந்தப் பொண்ணுகிட்ட மட்டும் கொஞ்சம் பாத்துக் கேளுங்க சார், பேச்சு கொஞ்சம்..." என்று. பேச்சு கொஞ்சம் என்ன? மீதியைச் சொல்லவில்லை. என்னைப் பற்றிப் பேசும்போது மற்றவர்களுக்கும் வாக்கியம் பாதியில் நின்றுவிடுகிறது, நான் பேசும்போது மட்டும் எல்லாருக்கும் மீதி வாக்கியம் சரளமாக வருகிறது. நான் ஒரு எழுத்தில் நின்றால் போதும், எதிரில் இருக்கிறவர் ஓடிவந்து முடித்து வைப்பார், கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிற மாதிரி, வேண்டாம் வேண்டாம் என்று கையை மறைத்தாலும் இலையில் விழுந்துவிடும். எங்கள் ஊர் மண்ணச்சநல்லூர். அதிலும் ம, என் ஜாதக விசேஷம். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் எந்தப் பஸ் என்று கேட்கப்போய், "ம... ம..." என்று நின்றேன், கண்டக்டர், "மணப்பாறையா? ஏறு ஏறு, இதோ கௌம்புது" என்றார். தலையாட்டினேன். ஏறி உட்கார்ந்தேன். வண்டி நேர் எதிர்த்திசையில் போகிறது என்று எனக்கு நன்றாகத் தெரியும், டிக்கெட் கொடுத்தபோது வாங்கிக்கொண்டேன், ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டு மணப்பாறையில் போய் இறங்கினேன். போன இடத்தில் முறுக்கு வாங்கினேன், அதையும் பேர் சொல்லி இல்லை, விரலைக் காட்டி. அம்மா, "எதுக்குடி மணப்பாறை போன?" என்று கேட்டதற்கு, "சும்மா, ஆசையா இருந்துச்சு" என்றேன். இப்படி மற்றவர்கள் முடித்து வைத்த இடத்திலெல்லாம் போய் இறங்கி இறங்கித்தான் பாதி ஆயுசு போயிருக்கிறது.

ஆனால் ரொசாரியோ சார் நேற்றுச் சொன்னதை அப்படிச் சிரித்துத் தள்ளிவிட முடியவில்லை. அவர் கெட்டவர் இல்லை, அதுதான் தொந்தரவு. எங்கள் ஹேங்கரில் ஒரு வழக்கம் உண்டு. விமானத்தின் முன்னால் இருக்கும் விசிறியைக் கையால் தொடுவதற்கு முன்னால், தொடப்போகிறவர் "மேக்னெட்டோ?" என்று உரக்கக் கேட்க வேண்டும், உள்ளே சீட்டில் இருக்கிறவர் சாவியைப் பார்த்துவிட்டு, "ஆஃப்!" என்று பதில் குரல் கொடுக்க வேண்டும், அப்புறம்தான் கை வைக்கலாம். மேக்னெட்டோ ஆஃப் ஆகாமல் இருந்தால் விசிறியை லேசாகத் திருப்பினாலே எஞ்சின் ஒரு சுற்று உதைக்கும், கை இருக்காது. இந்த வழக்கத்தில் நான் எப்போதும் உள்ளே ஏறி உட்கார்ந்துகொள்வேன், ஆஃப் என்று சொல்கிற ஆளாக. எனக்கு சீட்டில் உட்கார ஆசை என்று எல்லாரும் நினைத்தார்கள், ராணி ஏறிட்டா பாரு என்று கிண்டல் செய்தார்கள். ரொசாரியோ சார்தான் கவனித்திருக்கிறார். நேற்று என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீ ஒரு நாளும் வெளிய நின்னு கேட்டதில்லையேம்மா, இப்பத்தான் எனக்குப் புரியுது" என்றார். "தப்பா எடுத்துக்காத. எஞ்சின் வேலைல வார்த்தை ஒரு செகண்டு லேட்டா வந்தா இன்னொருத்தர் கை போயிடும். ஆபீஸ் வேலைக்குப் போயேன். நான் ஒம் மேல அக்கறைலதான் சொல்றேன்." ராத்திரி படுத்தால் அதே வார்த்தை சுற்றிச் சுற்றி வந்தது, நியாயம்தானோ, நியாயம்தானோ என்று. அப்புறம் விடியற்காலையில்தான் கூடப் படிக்கிற ஜெனிஃபர் விஷயம் ஞாபகம் வந்தது, எப்படி மறந்தேன். போன மழைக்காலத்தில் நான் உள்ளே சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன், சாவியை யாரோ அணைக்காமல் விட்டுப் போயிருந்தார்கள், ஜெனிஃபர் போட்டோ எடுத்துக்கொள்ள விசிறியைப் பிடித்துத் தொங்கப் பார்த்தாள், கண்ணாடி வழியாக அவள் கை தெரிந்தது, "ஜெனி, கைய எடுடி!" என்று கத்தினேன், ஹேங்கரே அதிர்ந்தது, புறாக்கள் எல்லாம் பறந்தன, அவள் கையை எடுத்தாள். ஒரு எழுத்தும் நிற்கவில்லை. கத்தும்போது எனக்குத் திக்காது, பாடும்போது திக்காது, ஆபத்தில் திக்கவே திக்காது. யாராவது என் வாயையே பார்த்துக்கொண்டு, எப்போது முடிப்பாள் என்று நிற்கும்போதுதான் திக்கும். அப்படியானால் கோளாறு என் வாயில் மட்டும்தானா ரொசாரியோ சார்? ஜெனிஃபர் இப்போது வெளியே வேப்பமரத்தடியில் தன் முறைக்காகக் காத்திருக்கிறாள், விரல்கள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, வேண்டுமானால் எண்ணிப் பாருங்கள்.

டக். வந்துவிட்டது. எஞ்சினின் முதுகுப்பக்கம், இடது ஓரம், கறுப்புக் குண்டன், தலையிலிருந்து ஒயர்கள் கொத்தாகக் கிளம்புகின்றன. "இது?" என்கிறார். லெஃப்ட் என்று முன்னால் போட்டு ஓடிவந்து தாண்டலாம், தாண்டலாமா, வேண்டாம், இன்றைக்குத் தாண்ட வரவில்லை, வாசல் வழியாகத்தான் வரப்போகிறேன். உதட்டை மூடுகிறேன். இதுவரை சரி, ம சொல்ல உலகத்தில் எல்லாரும் உதட்டை மூடித்தான் ஆக வேண்டும், மற்றவர்களுக்குத் திறக்கிறது. எனக்கு மூடியது மூடியபடி இருக்கிறது. தொண்டையில் காற்று வந்து நிற்கிறது, கன்னம் விறைக்கிறது, கண் தானாக ஒரு பக்கம் சுருங்குகிறது, அந்த அவலட்சணத்தைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், பார்த்துக்கொள்ளட்டும். ம்ம். பேஃபிளில் யாரோ இட்ட பழைய குங்குமப்பொட்டு தெரிகிறது, ஆயுதபூஜைக்கு வைத்தது. ம்ம். ஆல்டர்னேட்டர் என்று சொல்லேன் என்கிறது நாக்கு, கெஞ்சுகிறது, சோப்பு மாதிரி வழுக்கும் வார்த்தை, சொல்லிவிட்டுப் போயேன். போடா. ம்ம். உதடு அசைகிறது, இதோ, திறக்கப்போகிறது, இன்னும் ஒரே ஒரு...

"மேக்னெட்டோ. அதானேம்மா? கரெக்ட்" என்கிறார் ஞானசிகாமணி சார்.

சிரிக்கிறார். நல்ல சிரிப்பு, மகளைப் பெற்றவர் சிரிப்பு. பேனாவை எடுத்து மார்க் ஷீட்டில் டிக் அடிக்கிறார், "எல்லாம் நல்லா சொன்ன. ஒண்ணும் பயப்படாத, பாஸ். அடுத்த ஆள வரச் சொல்லு" என்கிறார். இறக்கைக்குக் கீழே ரொசாரியோ சார் பெருமூச்சு விடுவது இங்கே கேட்கிறது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது, பாஸ். கால் வாசலைப் பார்த்துத் திரும்பிவிட்டது, கால்களுக்கு எப்போதும் அவசரம், மணப்பாறை பஸ்ஸிலும் முதலில் ஏறியது அவைதான். அம்மாவுக்குப் போன் பண்ணலாம், அக்கா வீட்டுக்காரர் முகத்தில் கரியைப் பூசலாம். ஆனால் என் வாய்க்குள் அந்த வார்த்தை அப்படியே நிற்கிறது. பாதி பெற்ற பிள்ளை மாதிரி. திறக்கப் போனதே, ஒரு நொடி பொறுத்திருந்தால் திறந்திருக்குமே, அதைப் பிடுங்கி அவர் சொல்லிவிட்டார், அவர் சொன்னதற்கு எனக்கு மார்க். இது யார் பாஸ் பண்ணிய தேர்வு? ஞானசிகாமணி சார் மேக்னெட்டோ என்று சொல்லி ஞானசிகாமணி சாரே பாஸ் பண்ணியிருக்கிறார், வாழ்த்துகள். நாளைக்கு வேலைக்குப் போகிற இடத்திலும் யாராவது நல்லவர் முடித்து வைப்பார், நான் தலையாட்டுவேன், அவர் முடித்தது தப்பாக இருந்தாலும் தலையாட்டுவேன், ரொசாரியோ சார் சொன்ன அந்தக் கை அன்றைக்குத்தான் போகும். திக்கினதால் இல்லை, தலையாட்டினதால். கோபம் வருகிறது. இவ்வளவு நல்லவர்கள் மேல் இவ்வளவு கோபம் வரலாமா என்று தெரியவில்லை, வருகிறது. நான் திரும்பி எஞ்சினைப் பார்க்கிறேன். வலது ஓரத்தில் இன்னொரு கறுப்புக் குண்டன் சாவகாசமாக உட்கார்ந்திருக்கிறது. விமானம் செய்தவனுக்கு எதிலும் நம்பிக்கையில்லை என்றேனே, அவன் கைக்குத் தங்க வளையல் போட வேண்டும். இரண்டு வைத்திருக்கிறான்.

"சார், இன்னொண்ணு இருக்கு" என்றேன்.

"எது? அதுவா? ரெண்டும் ஒண்ணுதானம்மா. நீதான் சொல்லிட்டியே."

"நான் சொல்லல சார். நீங்க சொன்னீங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். ரொசாரியோ சார், "அரசி, விடும்மா, சார் பாஸ் போட்டாச்சு" என்று இறக்கைக்குக் கீழிருந்து வெளியே வந்தார். "எனக்குத் திக்கும் சார்" என்றேன். திக்கும் என்கிற வார்த்தை எவ்வளவு லேசாக வந்தது, தி எனக்கு எப்போதுமே வரும், இத்தனை வருஷத்தில் ஒரு ஆளிடம்கூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. "திக்குவாய். நேரமாகும். ஆனா வந்துடும். எனக்குத் தெரியாம இல்ல. போன தடவையும் தெரியும். அந்தப் பக்கத்தையும் கேளுங்க சார். நீங்க சொல்லிடாதீங்க." ரொசாரியோ சார் நின்ற இடத்திலேயே நின்றார். போன தடவையும் தெரியும் என்றது அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அவர் என்னை முதல் தடவை பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"கேட்டா மார்க் போட்டாகணும்" என்றார் ஞானசிகாமணி சார். குரலில் இப்போது மகளைப் பெற்றவர் இல்லை, விமானப்படை இருந்தது. "வரலைன்னா இந்த டிக்கை வெட்டிட்டுத்தான் எழுதுவேன். ஃபெயில்தான். அப்புறம் அழக் கூடாது."

"கேளுங்க சார்."

டக். வலது ஓரம். நான் உதட்டை மூடினேன். பூட்டிக்கொண்டது, வழக்கம்போல, ஒரு சலுகையும் கிடையாது. இங்கே அப்படியே ஒரு அதிசயம் நடந்து தேன் மாதிரி வார்த்தை ஒழுகியது என்று சொல்ல ஆசைதான், நடக்கவில்லை. கண் சுருங்கியது. கழுத்து நரம்பு புடைத்தது. ம்ம் என்று ஒரு சத்தம், தண்ணீர் வராத குழாயில் காற்று உறுமுகிற சத்தம், ஹேங்கர் முழுக்கக் கேட்டது. வெளியே வேப்பமரத்தடியில் பேச்சு நின்றுவிட்டது. எல்லாருக்கும் கேட்கட்டும். இதுதான் சத்தம், இதை ஒளிக்கத்தான் ஆரஞ்சு ஜூஸ் குடித்தேன், இதை ஒளிக்கத்தான் மணப்பாறை போனேன். ம்ம். உதவி வேண்டாம். ஓடிவந்து தாண்டுகிற வார்த்தை வேண்டாம், ராகம் வேண்டாம், வசம்பு வேண்டாம். ஞானசிகாமணி சாரின் வாய் அசைவதைப் பார்த்தேன், அவரால் அடக்க முடியவில்லை, பாவம், வார்த்தை அவர் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது, நல்லவர்களுக்கு எப்போதும் வந்துவிடும். ஏய், அது என்னுடையது. அவர் சட்டென்று தன் உதடு இரண்டையும் இறுக்கி மூடிக்கொண்டார். இப்போது இரண்டு பேரும் ஒரே மாதிரி நின்றோம், ம சொல்லப் போகிற வாயோடு. கூரையில் புறா ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம்வரை நடந்து போனது. காத்திருக்கட்டும். இந்த உலகத்துக்கு நான் எவ்வளவு காத்திருந்திருக்கிறேன், ஒரு வார்த்தைக்கு அது எனக்காக நிற்கட்டும். ம்ம், ம், மே. விரிசல் விட்டது. "மே... மே... மேக்... மேக்னெட்டோ" என்றேன். நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, யாரும் பிடுங்குவதற்கு இல்லை என்பதால் நிதானமாக, "ரைட் மேக்னெட்டோ சார்" என்று இன்னொரு தடவையும் சொன்னேன். அந்த இரண்டாவது ம விலும் கொஞ்சம் திக்கியது. அது பாட்டுக்குத் திக்கட்டும்.

"எதுக்கும்மா ரெண்டு?" என்று கேட்டார். கேட்டுவிட்டு ஆண்டெனாவை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும் என்கிற மாதிரி வெள்ளச்சியின் சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டார். சொன்னேன். ஒன்று பறக்கும்போது நின்றுபோனால் இன்னொன்று தனியாகவே எஞ்சினை ஓட்டிக்கொண்டு போகும், கொஞ்சம் சுற்று குறையும், கொஞ்சம் நடுங்கும், ஆனால் நிற்காது என்று சொன்னேன். ம வில் தொடங்காத நடுங்கும் என்கிற வார்த்தையில்கூடத் திக்கியது, அதையும் முடித்தேன். ரொசாரியோ சார் கையைக் கட்டாமல் நின்றுகொண்டிருந்தார். "சார், நாளைலேர்ந்து நான் வெளிய நிக்கிறேன், விசிறிகிட்ட" என்றேன். "நான் கேட்டு, பதில் வர்றவரைக்கும் யாரும் கை வைக்கக் கூடாது. அதுதானே சார் ரூலு." அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வரவில்லை, நான் முடித்து வைக்காமல் காத்திருந்தேன். "ஆமா. அதான் ரூலு" என்றார்.

ஞானசிகாமணி சார் மார்க் ஷீட்டை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு ஏதோ எழுதினார், பிறகு பேனாவை மூடப்போனவர், "சரி அரசி, போய் ஜெனிஃபரை வரச் சொல்லு" என்றார்.

"அரசி இல்ல சார்" என்றேன்.

அவர் ஹால் டிக்கெட்டைப் பார்க்கக் குனிந்தார், முழுப் பேரும் அதில் பெரிசாக அச்சடித்துத்தான் இருந்தது. பாதிக் குனிவில் நிறுத்தினார். அதை அப்படியே கவிழ்த்துப் போட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் உதட்டை மூடினேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.